உரைகல்லில் ஏறாத தங்கம்

சித்தெ காலை ஒதுக்கிக்கிறீங்களாங்க? இந்தச் சாக்கை உங்க பக்கமாத் தள்ளிக்கிறேன். நடுவுல கெடந்தா கண்டக்டர் சத்தம் போடுவான். மேல பட்டாலும் ஒண்ணும் பண்ணாதுங்க, வாழைக்கன்னுதான். கோழின்னா கத்தும், கருவாடுன்னா பஸ்ஸே திரும்பிப் பாக்கும். வாழைக்கன்னு பாவம், பச்சப்புள்ளையாட்டம் தூங்கிட்டு வரும்.

எது வரைக்கும் போறீங்க? புளியம்பட்டிங்களா. நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் எறங்கி வேற பஸ் மாறோணும். மக வூட்டுக்குப் போறேன். சம்பந்தி புதுசா போர் போட்டாருங்க, தண்ணி பீச்சி அடிக்குதாம். இத்தனை வருசம் சோளமும் கொள்ளும் வெதைச்ச காடு, இப்ப வாழை வெக்கலாம்னு பேசிக்கிறாங்க. கன்னுக்கு எங்க போறதுன்னு அவரு ரோசனை பண்றதுக்கு முந்தியே நான் சாக்கைக் கட்டிட்டேன். இது சும்மா சாமிக்கு வெக்கத்தானுங்க. மீதியெல்லாம் அடுத்த வாரம் டெம்போல வருது.

நீங்களும் வெவசாயமா? வாழையா? அட, மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா. நேந்திரனா, கதலியா? என்னது, டிஷ்யூ கல்ச்சரா. கண்ணாடிக் குடுவையில பொறந்த கன்னுங்க அது. தாய்ப்பால் குடிக்காத புள்ளை. நான் குத்தம் சொல்லலை, உங்க இஷ்டம்.

என்ர பேரு சென்னியப்பன். கோபிக்குப் பக்கத்துல வெள்ளாங்காட்டுப்பாளையம். எங்க ஊரு வாழை வெவசாயிகள் சங்கத்துக்கு நாந்தான் தலைவர். இப்பவும் நாந்தானுங்க. கூட்டம் போட்டாத்தான வேற ஆளை எடுக்க முடியும், நான் கூட்டம் போடறதில்லை.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். நானோன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? காரு இல்லீங்க. அது வேற. இது ஆராய்ச்சி. ஒரு தலைமுடிய எடுத்துக் குறுக்கால ஒரு லச்சம் கூறு போட்டா அதுல ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு பெருசாம். எங்கூர்ல அண்ணன் தம்பி பாகம் பிரிக்கறப்பகூட அவ்வளவு பொடிசாக் கூறு போட்டதில்லீங்க. கண்ணுக்கே தெரியாத அந்தச் சாமான்தான் என்ர குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டுது. கேட்டா நம்ப மாட்டீங்க.

அதுக்கு முந்தி எங்க வழக்கம் ஒண்ணைச் சொல்லிப்போடறேன். எங்க வம்சத்துல வாழைக்கன்னுக்குக் காசு வாங்கறதில்லீங்க. கன்னு கேட்டு வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்றதுமில்லை. புள்ளையை வித்த பாவம் வரும்பாங்க. வெத்தலை பாக்கோட வந்து கேப்பாங்க, நாம தோண்டிக் குடுத்து அனுப்போணும். அவங்க தார் வெட்டறப்ப மொதல் சீப்பை எங்க கொலசாமிக்குக் கொண்டாந்து வெப்பாங்க. அவ்வளவுதான் கணக்கு. சுத்துப்பட்டுல எங்க கன்னு போகாத தோட்டமே கெடையாது. ரங்கநாதன் தோட்டம் ஒண்ணைத் தவிர. அவங்கப்பனுக்கும் எங்கப்பனுக்கும் வாய்க்கால் தகராறு, அதனால அவன் எங்க பொழிவரப்பைத் தாண்டிக் காலே வெக்க மாட்டான். எங்கியோ அசலூர்ல கன்னு வாங்கி நட்டான். அவன் தோட்டத்தைப் பாக்கோணும் நீங்க. கோரைப்புல்லு இடுப்புக்கு நிக்கும். அதை ஏன் சொல்றேன்னு அப்பறம் தெரியும்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆராய்ச்சி நெலையத்துல இருந்து ஒரு டாக்டரம்மா வந்துச்சு. டாக்டர்னா ஊசி போடற டாக்டர் இல்லீங்க, செடிக்கு டாக்டர். மதிவதனின்னு பேரு. சின்னப் புள்ளைதான், எம் மக வயசு இருக்கும். ஸ்கூட்டியில தனியா வந்து, "ஐயா, வாழைக்கு நோய் வந்திருக்கான்னு முன்கூட்டியே பாக்கற பட்டை ஒண்ணு செஞ்சிருக்கோம். உங்க ஊர்ல ஒரு இருவது தோட்டத்துல சத்தமில்லாம சோதிச்சுப் பாத்துட்டுப் போயிடறோம்"னு கேட்டுது.

சத்தமில்லாமன்னா என்னங்க அர்த்தம்? சங்கத்துக்குத் தலைவர்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கறேன்? "அம்மிணி, விழா வெக்காம எங்கூர்ல ஒருத்தனும் கோமணத்தைக்கூட அவுக்க மாட்டான். எல்லாத்தையும் எங்கிட்ட உடு"ன்னுட்டேன். சிரிச்சுட்டுப் போச்சு. நல்ல புள்ளைங்க அப்ப.

பந்தல் போட்டாச்சு. மைக் செட்டு, மேளம், எல்லாம் ஏற்பாடு. பந்தல் வாசல்ல கட்டறதுக்கு எங்க தோட்டத்துலயே தாரோட ரெண்டு மரம் வெட்டிக் கொண்டாந்தேன். பெரிய பிளெக்ஸ் ஒண்ணு. 'நானோவே வருக'ன்னு மேல எழுத்து, கீழ என்ர போட்டோ. டாக்டரம்மா போட்டோவும் மூலையில போட்டோமுங்க. அதைப் பாத்துட்டு டீக்கடைக்காரன் அதுதான் நானோ சைசான்னு கேட்டான். ஊர்ல குசும்புக்கா பஞ்சம்.

அந்தப் பட்டைய நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சுண்டுவெரல் நீளம், வெள்ளையா. அதுல தங்கம் இருக்குதுன்னு அந்தப் புள்ளைதான் சொல்லுச்சு. மைக்குல சொல்லுச்சுங்க, ஊர் முச்சூடும் கேட்டுது. தங்கத்தை நானோ அளவுக்குப் பொடி பண்ணி அதுல தடவியிருக்குதாம். எலைச்சாறுல நோய்க்கிருமி இருந்தா அந்தத் தங்கம் போயி அதைப் புடிச்சுக்குமாம், உடனே செவப்பாக் கோடு வருமாம். பொம்பளைங்க எல்லாம் அப்பத்தான் நிமிந்து உக்காந்தாங்க. ஒரு அம்மா கேட்டே போட்டுது, "ஏன் கண்ணு, தங்கம் மஞ்சளாத்தான இருக்கும்?" அந்தப் புள்ளை, "அவ்வளவு பொடிசாயிட்டா தங்கம் செவப்பாத்தாங்க தெரியும்"னுச்சு. செவப்புத் தங்கம். எனக்கு அப்பவே சுருக்குன்னுது. மகளுக்கு நகை எடுக்க நான் ஏறாத கடையா.

மொதல் எலை எங்க தோட்டத்துதுதான்னு நான் சொல்லிப்போட்டேன். தலைவர் இருக்கறப்ப வேற யாரு? எங்க தோட்டத்துல ஒரு மரம், பேரே வெச்சிருந்தேன், பட்டத்து யானைன்னு. அடிமரம் ரெண்டு கைக்கு அடங்காது. அதுல இருந்து ஒரு துண்டு எலை கிள்ளிக் குடுத்தேன். கொழந்தைக்கு மருந்து ஒரைக்கற மாதிரி ஒரு சின்னக் குப்பியில போட்டு நசுக்கி, அதுல பட்டைய நனைச்சு மேசை மேல வெச்சுது. ஊரே தலையைக் குனிஞ்சு பாக்குது. மொதல்ல ஒரு கோடு வந்துச்சு. அப்பறம் சித்தெ நேரத்துல, பக்கத்துலயே இன்னொண்ணு. இளஞ்செவப்பா வந்து, நல்லா அழுத்தமாயிருச்சு.

நான் மைக்கை வாங்குனேன். எம் மகளுக்கு இந்த மாதிரிப் பட்டையில ரெண்டு கோடு வந்தப்பத்தான வூட்டுல எல்லாருக்கும் கல்கண்டு குடுத்தோம். "ஐயாமாரே, அம்மாமாரே, ரெண்டு கோடு வந்துபோச்சு. நம்ம தோட்டம் பாஸ். எல்லாரும் கைதட்டுங்க"ன்னேன். தட்டுனாங்க பாருங்க, பந்தல் அதிருது. மேளக்காரங்க கெட்டிமேளம் போட்டாங்க.

அந்தப் புள்ளை பக்கத்துல வந்து ரகசியமா, "ஐயா, ரெண்டு கோடு வந்தா நோய் இருக்குன்னு அர்த்தம்ங்க. ஒரு கோடு வந்தாத்தான் சுத்தம்"னுச்சு. ரகசியமாத்தான் சொல்லுச்சு. மைக்கு என்ர கையில இருந்துச்சு. கோயில் வேப்பமரத்துல கட்டியிருந்த கொழாய் வழியா அந்த ரகசியம் அடுத்த ஊர் வரைக்கும் போச்சுங்க. கைதட்டல் நின்னுது. தவுல்காரருக்கு மட்டும் காது மந்தம், அவரு சித்தெ நேரம் அடிச்சுட்டே இருந்தாரு.

முடிக்கொத்து நோயாம். உங்களுக்குத் தெரியுமே, எலையெல்லாம் உச்சியில கொத்தாக் குறுகி வெளக்குமாறாட்டம் நிக்கும், தார் தள்ளாது. அதுதான். நான் கேட்டேன், "ஏனம்மிணி, அந்த மரத்தைப் பாத்தா நோவாளி மாதிரியா இருக்குது?" அதுக்கு அந்தப் புள்ளை சொல்லுது, "இப்பத் தெரியாதுங்கய்யா. கண்ணுக்குத் தெரியற வரைக்கும் காத்திருந்தா, அதுக்குள்ள அசுவினிப் பூச்சி பக்கத்து மரத்துக்கெல்லாம் கொண்டு போயிரும். கண்ணுக்கு முந்தி சொல்றதுக்குத்தான் இந்தப் பட்டை." அந்தக் கருப்புப் பூச்சி இருக்குதில்லீங்க, குருத்துக்குள்ள ஊருமே, அதுதானாம் தபால்காரன். மரத்து மேல மண்ணெண்ணெய ஊத்திப் பூச்சியக் கொன்னுட்டு, கெழங்கோட தோண்டி எடுத்துருங்கன்னுச்சு. அது கூடப் பரவால்ல. கடைசியா ஒண்ணு சொல்லுச்சு பாருங்க. "கன்னு வழியாத்தான் இது ஊர் விட்டு ஊர் போகுது. தயவுசெஞ்சு இனி யாருக்கும் கன்னு குடுக்காதீங்க."

எந்த வம்சத்துக்காரனைப் பாத்து என்ன சொல்லுதுன்னு பாத்தீங்களா? பந்தல்ல, என்ர செலவுல போட்ட மைக்குல, எங்க தோட்டத்துல வெட்டிக் கட்டுன மரத்துக்கு நடுவுல நின்னுட்டு.

சரி, பட்டையில ஏதோ கோளாறுன்னு மத்த தோட்டத்து எலையப் பாத்தாங்க. எங்க கன்னு வாங்கி நட்ட அத்தனை பேருக்கும், ஒருத்தருக்கு அழுத்தமா, ஒருத்தருக்கு லேசா, ரெண்டு கோடு. ரங்கநாதனுக்கு மட்டும் ஒரே கோடு. அந்தக் கோரைக்காட்டுக்காரனுக்கு. எங்க கன்னையே தொடாத பயலுக்கு. இதுல இருந்து உங்களுக்கு என்ன தெரியுது? அதேதாங்க. எனக்கும் அப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பட்டை ரங்கநாதன் ஆளு.

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க?

போறப்ப அந்தப் புள்ளை ஒரு பொட்டி நெறையாப் பட்டைய சங்கத்துக்குன்னு குடுத்துட்டுப் போச்சு. மாசாமாசம் நீங்களே சோதிங்க, குளுமையான எடத்துல வைங்கன்னு. தங்கமாச்சே, சும்மா வெக்க முடியுமா? பீரோவுல, எங்க வூட்டுக்காரி தாலிக்கொடிக்குப் பக்கத்துல வெச்சுப் பூட்டுனேன். ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. தோட்டத்துக்குப் போனா பட்டத்து யானை நல்லாத்தான் நிக்குது. வூட்டுக்கு வந்தா பீரோவுக்குள்ள அது உக்காந்திருக்குது. அப்பத்தான் ஒரு ரோசனை வந்துச்சு. நோவு இருக்குதா இல்லையான்னு பாக்கற படிப்பு நமக்கு இல்லை. ஆனா தங்கம் இருக்குதா இல்லையான்னு பாக்க நம்ம ஊர்ல ஆளு இருக்குதே.

ஒரு பட்டைய எடுத்துச் சட்டைப் பையில வெச்சுட்டு நேரா மாணிக்காசாரிகிட்டப் போனேன். எங்க குடும்பத்து நகையெல்லாம் அவரு பட்டறையில அடிச்சதுதான். விசயத்தைச் சொல்லலை. "இதுல தங்கம் இருக்குதாம், ஒரசிப் பாருங்க"ன்னேன். அவரு கண்ணாடியப் போட்டுட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. உரைகல்லுல ஒரசுனாரு. காகிதம்தான் பிஞ்சுது. ஒரு சொட்டு திராவகம் விட்டாரு. புஸ்ஸுன்னு பொகை வந்துட்டு அடங்கிப்போச்சு. "எங் கல்லுக்கு ஒண்ணும் தெரியலீங்களே"ன்னாரு. அப்பறம் இன்னும் என்னமோ சொன்னாரு, கல்லுக்கும் ஒரு அளவு இருக்குது, அதுக்குக் கீழ போனா அதால பாக்க முடியாது, அப்பிடி இப்பிடின்னு. ஆசாரிமாரு எப்பவும் இழுத்துத்தான பேசுவாங்க. நமக்கு வேண்டியது கெடைச்சுப்போச்சு, நான் கெளம்பிட்டேன்.

அன்னிக்குப் பொழுதோட டீக்கடையில வெச்சுச் சொன்னேன். "தங்கம் இருக்குதுன்னாங்க, உரைகல்லுல தேறலை. தங்கம்னு சொன்னதே பொய்யின்னா, நோவுன்னு சொன்னது மட்டும் எப்பிடிய்யா நெசமாகும்?" கேட்டவங்க எல்லாரும் தலையாட்டுனாங்க. உங்களுக்கு இதுக்குப் பதில் இருக்குதா? சொல்லுங்களேன் பாப்போம். பாத்தீங்களா.

ஊரே என்ர பக்கம் வந்துருச்சு. ஒருத்தனும் ஒரு மரத்தைத் தோண்டலை. அந்தப் பட்டைப் பொட்டியப் பீரோவுல இருந்து எடுத்துக் மாட்டுக் கட்டுத்தறிச் சொவத்து மாடத்துல வீசிட்டேன். அந்த வருசம் நான் கன்னு குடுத்த மாதிரி எந்த வருசமும் குடுத்ததில்லை. கேட்டவங்களுக்குக் குடுத்தேன், கேக்காதவங்க வூட்டு வாசல்லயும் கொண்டு போயி எறக்குனேன். சத்தி வரைக்கும் போச்சுங்க எங்க கன்னு. பழிச்சவங்க முன்னாடி வாழ்ந்து காட்டோணுமில்ல.

எனக்கு ஒரே தங்கச்சி. வசந்தாமணின்னு பேரு. பக்கத்து ஊர்லதான் குடுத்திருக்குது. மாப்பிள்ளை தவறிட்டாரு, ரெண்டு ஏக்கராவை அவளே பாக்கறா. ஒரே பொண்ணு வெச்சிருக்கா, காலேஜ் முடிச்சுட்டு வூட்டுல இருந்துச்சு. அந்த வருசம் வாழை வெச்சு, வர்ற தாரை நம்பித்தான் அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருந்தா. விழாவுக்கும் வந்திருந்தா. மறுவாரம் வூட்டுக்கு வந்து மெதுவாக் கேட்டா, "ஏண்ணா, அந்த டாக்டர் புள்ளை சொன்னதை ஒருக்கா ரோசனை பண்ணிப் பாத்தியா?"

"கூடப் பொறந்தவளுக்கு நல்லதை உட்டுட்டுக் கெட்டதையா குடுப்பேன்?"ன்னேன். அண்ணன் வாக்குக்கு மறுவாக்கு பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. நானே வண்டி கட்டிக் கன்னு ஏத்திட்டுப் போனேன். நானே குழி பாத்து நட்டும் குடுத்தேன். பட்டத்து யானையோட பக்கக்கன்னு அத்தனையும் அவளுக்குத்தான் குடுத்தேன். மத்தவங்களுக்கு அதுல ஒண்ணு தரலை.

அப்பறம் காலம் சரியில்லீங்க. மழை தப்புச்சு. வாய்க்கால்ல சாயத்தண்ணி கலந்துட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. செல்போன் டவர் வேற புதுசா வெச்சாங்க. அங்கங்க மரம் குறுகுச்சு. எலை கொத்தா நின்னுது, தார் வரலை. ஊர்ல பாதித் தோட்டம் அப்பிடித்தான். நம்ம பட்டத்து யானையும் தார் தள்ளாமயே நின்னுபோச்சு. எனக்கு அதுல ஆச்சரியமே இல்லீங்க. சபையில வெச்சு அவமானப்படுத்துனா எந்த உசுருதான் தாங்கும்? அது ரோசக்கார மரம்.

ரங்கநாதன் தோட்டம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? அது நல்லாத்தான் வந்துச்சு. அவன் பேச்சை எதுக்கு இப்ப எடுக்கறீங்க.

வசந்தாமணி தோட்டத்துக்கு வர்றேன். அதுலயும் ஒண்ணு ரெண்டு மரம் குறுகுச்சு. நான் சொன்னேன், யூரியா பத்தலை, கூட ஒரு மூட்டை போடுன்னு. ஒருநாள் கட்டுத்தறி மாடத்துல பாத்தா அந்தப் பட்டைப் பொட்டியக் காணம். எங்க வூட்டுக்காரி துளசிமணியக் கேட்டேன். "எலி கொண்டு போயிருக்கும்"னா. இருக்கும் இருக்கும்னு உட்டுட்டேன். எங்க வூட்டு எலி எதையும் உடாது. அது எப்பிடியோ அதே வாரம் வசந்தாமணி கையிலயும் ஒரு பொட்டி வந்திருக்குது. அந்த டாக்டரம்மாவே கொண்டு போயிக் குடுத்திருக்கும், வேற யாரு.

எந்தங்கச்சி ஒவ்வொரு மரமாச் சோதிச்சிருக்கா. அப்பறம் என்ன பண்ணுனாத் தெரியுங்களா? நல்லா நின்னுட்டிருந்த மரம், தார் தள்ளுற பருவம், அத்தனைக்கும் மண்ணெண்ணெய ஊத்தி, ஆளு உட்டு, கெழங்கோட தோண்டி எடுத்துட்டா. ரெண்டு ஏக்கராவும். சேதி கேட்டு நான் ஓடுனேன். வரப்பு மேல உக்காந்திருந்தா. கண்ணு ரெண்டும் வீங்கிப்போயிருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து, "வெசனப்படாத சாமி. நம்ம தோட்டத்துல எவ்வளவு கன்னு வேணும்னாலும் இருக்குது, நாளைக்கே வண்டி கட்டறேன்"னேன். ஆறுதலாத்தான சொன்னேன்? அவ எந்திரிச்சு வூட்டுக்குள்ள போயிட்டா. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்கலை. எங்க அம்மா போனப்பகூட அவ அப்பிடி இருந்ததில்லீங்க.

கல்யாணம் நிக்கலை. கறவை மாட்டையெல்லாம் வித்து நடத்துனா. பத்திரிகை வெக்க வூட்டுக்கு வந்தா. தட்டு வெச்சு, கால்ல விழுந்து எந்திரிச்சா. எனக்கு மனசு எளகிப்போச்சு. தாய்மாமன் நானு. மாமன்சீரு என்ர பொறுப்பு. பந்தக்கால்ல கட்டற வாழைமரம் மாமன் தோட்டத்துல இருந்து, தாரோட, மாமனே தோள்ல சுமந்துட்டு வந்து கட்டோணும். எங்க பக்கத்துக் குடும்பத்துல அப்பிடித்தான். எந்த மரம்னு மனசுக்குள்ள அப்பவே பாத்துட்டேன்.

அவ சொன்னா, "அண்ணா, நீ முன்னாடியே வந்துரு. அண்ணியக் கூட்டிட்டு வா. வாழைமரம் மட்டும் கொண்டாராத."

எப்பிடி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க. அவ வெச்ச தட்டை நான் கையில தொடலை. "மரம் வராத எடத்துக்கு மாமனும் வர மாட்டான்"னு சொல்லிப்போட்டேன். அவ நிலைவாசல் வரைக்கும் போயித் திரும்பிப் பாத்தா. "அங்க சுத்தி எல்லாரும் இப்பத்தாண்ணா மறுபடி வாழை நட்டிருக்காங்க"ன்னா. அதுக்கும் மாமன்சீருக்கும் என்ன சம்பந்தம்? அந்த டாக்டரம்மா சொல்லிக் குடுத்த பேச்சு.

துளசிமணி மொத நாளே கல்யாணத்துக்குப் போயிட்டா. எனக்கு வூட்டுல இருப்புக் கொள்ளலை. முகூர்த்தத்தன்னிக்கு விடிய மொபெட்டை எடுத்துட்டுப் போனேன். உள்ள போகலீங்க. மண்டபத்துக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை. அதுல நின்னேன். மண்டபத்து வாசலைப் பாத்தேன். ரெண்டு பக்கமும் வாழைமரம் நிக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. எவன் தோட்டத்து மரம், ரங்கநாதன் தோட்டத்துதான்னு நெனச்சுட்டு ரோட்டைத் தாண்டிப் போயித் தொட்டுப் பாத்தேன். பிளாஸ்டிக்குங்க.

பிளாஸ்டிக் வாழைமரம். தாரு, பூவு, எல்லாம் பிளாஸ்டிக்கு. எலையத் திருப்பிப் பாத்தேன். நல்ல பச்சை. ஒரு கீறல் இல்லை, குருத்துல ஒரு பூச்சி இல்லை. எந் தங்கச்சி மக கல்யாணத்துல. உள்ள நாதஸ்வரம் கேக்குது. சன்னல் வழியாக் கல்யாணப் பொண்ணு மணவறையில உக்காந்திருக்கறது தெரிஞ்சுது. மாமன் நிக்க வேண்டிய எடத்துல எங்க பெரியப்பன் மகன் பட்டு வேட்டியக் கட்டிட்டு நிக்கறான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. ஆம்பளை பொது எடத்துல அழுவக்கூடாதும்பாங்க. அந்தப் பிளாஸ்டிக் எலையில மொகத்தை மறைச்சுட்டு அழுதேன்.

அப்ப வசந்தாமணி வெளிய வந்தா. யாரு சொன்னாங்களோ தெரியலை. என்ர கையப் புடிச்சா. "உள்ள வாண்ணா"ன்னா. நான், "இந்த மரத்தை அவுத்தா வர்றேன்"னேன். அவ சொன்னா, "மரம் பொய்யா இருந்துட்டுப் போகுது. நீ நெசமா வா, அது போதும்."

நான் கைய உதறிட்டு வந்துட்டேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. அன்னிக்கு இருந்து எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லை. எம் பொறந்த பொறப்பு, ஒரு நோம்பி பண்டிகைக்கு வர்றதில்லை, போறதில்லை. சில நாள் சோறு எறங்காதுங்க. எல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத தங்கத்தால.

அந்த டாக்டரம்மாவுக்கு அவார்டு குடுத்தாங்களாம், பேப்பர்ல வந்துச்சு. நோய் கோபி வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதுன்னு போட்டிருந்தாங்க. ஒரு தோட்டம். பேரு ஊரு ஒண்ணுமில்லை. என்ர பேரைப் போட்டா என்ன கொறைஞ்சு போச்சு? பந்தல் போட்டது நானு. கண்டுபுடிக்க எடம் குடுத்தது நானு.

சரி, அதை உடுங்க. எம் மக அப்பிடியில்லை, அப்பன் மேல உசுரு. காலையில இருந்து போன் மேல போன். "அப்பா, எதுவும் தூக்கிட்டு வராதீங்க, வெறுங்கையோட வாங்க, கால்ல விழுந்து கேக்கறேன்"னு அழுவாத கொறையாச் சொல்லுது. அப்பன் இந்த வயசுல சொமக்கறானேன்னு அதுக்குத் தாங்கலை. பொட்டப்புள்ளைங்கதான் நம்மளை நெனைக்கும். வெறுங்கையோட போவனா நானு? அந்தப் பக்கம் முச்சூடும் வாழையே கெடையாதுங்க, எங்க கன்னுதான் மொதல்ல எறங்கப் போவுது. நெனச்சாலே நெஞ்சு நெறையுது.

எங்க தோட்டத்துக் கன்னான்னா கேக்கறீங்க? பின்ன, வேற எங்கேருந்துங்க? பட்டத்து யானையோட அடியில இருந்து தோண்டுனது. தாய் தார் தள்ளலைன்னாலும் கன்னு வெடிச்சுட்டே இருக்குது பாருங்க, அதான் வம்சம்.

இந்தா, புளியம்பட்டி வந்துருச்சு. எந்திரிக்கறதுக்கு முந்தி ஒண்ணு எடுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க, காசெல்லாம் இல்லை. உங்க கண்ணாடிக் குடுவைக் கன்னுக்கு நடுவுல ஒண்ணு நட்டு வைங்க, வித்தியாசம் தெரியும். வேண்டாமா? ஏனுங்க, மொகமே மாறிப்போச்சு. நான் பேசுனதுல ஏதாவது தப்பா? சரி சரி, உங்க பிரியம். இல்லைன்னு சொல்றவங்களை நான் வற்புறுத்தறதில்லை.

ஒரு நிமுசம் நில்லுங்க. உங்க சட்டைக் காலர்ல கருப்பா ஒண்ணு ஊருது. இந்தப் பக்கம் தோள்ல இன்னும் நாலஞ்சு. சாக்குல இருந்து ஏறியிருக்கும். பதறாதீங்க, அசுவினிதான், மனுசனைக் கடிக்காது. அட, நசுக்காதீங்க, அதும் ஒரு உசுருதானுங்க. அப்பிடியே உட்டுருங்க. நீங்க உங்க தோட்டத்துக்குப் போனீங்கன்னா, அதுவா எறங்கிப் போயிக்கும்.